லேத் மாசிலாமணியை நான் உளவாளியாக்கிய விதம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணிக்காலச் சாதனைகளில் ஒன்றை எழுதித் தருமாறு இயக்குநர் கேட்டிருக்கிறார். சாதனை என்ற சொல்லை நான் மறுக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாகக் குரோம்பேட்டையில் தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருந்த ஒரு மனிதரை, ஒரே ஒரு விதியை எழுதி, ஒரு பிற்பகலுக்குள் உளவாளியாக்கிக் காட்டினேன். தாம்பரம் வட்டாரத்தில் இதைவிடக் குறைந்த நேரத்தில், இதைவிடக் குறைந்த தீய எண்ணத்துடன், ஒருவருடைய பெயரைக் கெடுத்தவர் எவரும் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

அவரை மாசிலாமணி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் உங்கள் கணினியிலேயே இருக்கிறது.

நாம் செய்யும் வேலை என்னவென்று உங்கள் வீட்டில் கேட்டிருப்பார்கள். பழைய காகிதங்கள் எந்தப் பெட்டியில், எந்தக் கோப்பில், என்னவாக இருக்கின்றன என்று எழுதிவைக்கிறோம்; அதை இணையத்தில் ஏற்றுகிறோம்; எல்லாத் தொகுப்புகளின் விவரங்களும் ஒரே அமைப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். அவ்வளவுதான். இந்த விவரப் பட்டியலுக்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் சூட்டுவதற்காக ஒரு குழு கூடி இரண்டு நாள் விவாதித்தது. முதல் நாள் போண்டா வந்தது, இரண்டாம் நாள் மெதுவடை. இறுதியில் பிறந்த சொல்லைக் குழுத் தலைவராலேயே ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. பெட்டி தூக்கும் ஊழியர் அதை ‘லிஸ்ட்டு’ என்றார். நானும் இங்கே பட்டியல் என்றே எழுதுகிறேன்.

நம் அலுவலகம் அப்போது சேலையூரில், கேம்ப் ரோட்டில், ஒரு பல் மருத்துவருடைய கூடத்துக்கு மேல்மாடியில் இருந்தது. ஆய்வாளர்கள் மேலே மௌனமாகப் படித்துக்கொண்டிருக்கும்போது, கீழே யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லில் துளை போடும் ஓசை தரை வழியாக ஏறிவரும். பலர் அரை மணி நேரத்தில் ஆய்வை முடித்துக்கொண்டார்கள்.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை இருந்தது. அது மூடப்பட்டபோது, அதன் பணியாளர் பிரிவுக் காகிதங்கள் நாற்பத்தொரு பெட்டிகளில் நம்மிடம் வந்தன. தொழிற்சாலை நின்ற இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர் அந்தப் பெட்டிகளுக்கு ஒரு கைப்பட்டியல் எழுதியிருந்தார். சிக்கனமான மனிதர். கோப்பின் அட்டையில் இருந்த தலைப்பை மேலே எழுதி, உள்ளே இருந்தவற்றைக் கீழே ‘கடிதம்’, ‘குறிப்பு’, ‘கடிதம்’ என்று அடுக்கியிருந்தார். மனம் வந்தால் பக்கத்தில் ஒரு பெயர். தாளில் அது போதும், ஏனென்றால் கண் மேலேயும் கீழேயும் போய்வரும். இணையத்தில் தேடுகிறவருக்கோ அந்த ஒற்றை வரி மட்டும் வந்து நிற்கும்: ‘கடிதம்.’ எதைப் பற்றிய கடிதம் என்று கடவுளுக்கும் தெரியாது.

ஆகவே ஒரு விதி எழுதினேன். ஓர் உருப்படிக்குச் சொந்தத் தலைப்பு இல்லையென்றால், அது கிடக்கும் கோப்பின் தலைப்பை அதன் முன்னால் ஒட்டிவிட வேண்டும். கணினி நாலாயிரத்துச் சொச்சம் வரிகளில் ஒட்டியது. நான் ஒரு தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் முடித்தும்விட்டது. பெட்டிகளைத் திறந்து சரிபார்த்தேனா என்று கேட்பீர்கள். ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

அது என் மனைவி இறந்த பதினெட்டாம் நாள். விடுப்பு முடியுமுன்பே வேலைக்குத் திரும்பியிருந்தேன். தவறுக்குக் காரணமாக இதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எல்லோரும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். பிறகு அந்தத் தவறு அவள் பெயரில் நின்றிருக்கும்.

பதினேழாம் பெட்டியில் ஒரு கோப்பு. அட்டையில் பணியாளர் அதிகாரியின் கையெழுத்தில் ‘தகவல் தருவோர்’ என்று எழுதியிருந்தது. நிர்வாகத்துக்குத் தொழிலாளர்களைப் பற்றி ரகசியமாகச் செய்தி சொன்னவர்களின் கோப்பு. கைப்பட்டியலின்படி உள்ளே ஒன்பது ‘குறிப்பு’களும், ‘கடிதம், மாசிலாமணி, லேத் பிரிவு’ என்ற ஓர் உருப்படியும் இருந்தன. என் விதி தன் கடமையைச் செய்தது. ‘தகவல் தருவோர் – கடிதம் – மாசிலாமணி, லேத் பிரிவு.’ உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அந்த மாசிலாமணியைத் தேடினால் முதலில் இதுதான் வந்து நின்றது.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் படியேறி வந்தார். வெள்ளைச் சட்டை, உலோகச் சட்டமிட்ட கண்ணாடி, பையில் நான்காக மடித்த ஒரு வண்ண அச்சுப்பிரதி.

“இந்த லிஸ்ட்டு போட்டது யாரு?”

“நான்தான்.”

“நீங்கதானா?” என்னை மேலும் கீழும் பார்த்தார். “படிச்சவரு மாதிரி கீறீங்க.”

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. தாளை மேசையில் விரித்து, தம் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தார்.

“நான் இருவத்தாறு வருசம் லேத்துல நின்னவன் சார். ஸ்ட்ரைக் நடந்தப்போ கமிட்டி ஆளுங்க அஞ்சு பேரு பல்லாவரத்துல ஒரு வூட்ல ஒளிஞ்சிக்கினு இருந்தோம். விடியகாலைல போலீஸ் வந்து கொத்தா தூக்கினு போச்சு. பதினோரு நாளு உள்ள. அந்த எடத்தப் போட்டுக் குடுத்தவன் எவன்னு நாப்பது வருசமா பேசிக்கினு கீறோம். இப்ப உங்க லிஸ்ட்டு சொல்லுது, அது நான்தான்னு. எனக்கே இது புதுசா கீது.”

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

“ஞாயித்துக்கெழமை காலைல ஸ்டேசன் பக்கத்து டீக்கடைல எங்க ஆளுங்க சேருவோம். மிச்சம் கீறது ஏழு பேரு. அதுல ஒருத்தன் பொண்ணு டீச்சரு. கம்பெனி போட்டோ எதுனா கெடைக்குமான்னு தேடிக்கினு இருந்துச்சாம், இது கெடச்சிது. மூணு வாரமா நான் போனா எல்லாம் பேச்ச நிறுத்திட்டு கிரிக்கெட்டப் பத்திப் பேசறானுங்க. ரெண்டு பேருக்குக் கண்ணே சரியாத் தெரியாது. அவனுங்களுக்கு இன்னா சார் கிரிக்கெட்டு?”

பிறகு குரல் இறங்கியது.

“எனக்கு எழுவத்தொம்போது ஆவுது. இன்னும் எத்தினி ஞாயித்துக்கெழமை கீதோ தெரியாது. அதுல போட்டுக் குடுத்தவனா உக்காந்து டீ குடிக்க முடியாது சார்.”

கீழே துளைக் கருவி சிறிது நேரம் பேசியது.

இயக்குநர் தம் அறையிலிருந்து வெளியே வந்தார். இப்போது உங்களுக்கு இருக்கும் இயக்குநர் அல்லர். அவருக்கு முன்னிருந்த அம்மையார். திறமைசாலி, நல்லவர், அந்த வாரம் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை ஒரு மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. நம் இணையப் பட்டியலை மற்றக் காப்பகங்களுக்கு முன்மாதிரியாக அறிவிப்பதாக இருந்தார்கள்.

“சார், இதுல டென்ஷனே வேண்டாம்,” என்றார் என்னிடம். “அந்த ஒரு ரெக்கார்டை இப்பவே ஹைட் பண்ணிடுங்க. நாளைக்குத் தேடினா ஒண்ணுமே வராது. ஐயாவுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.”

என் கை சுட்டியை நோக்கிப் போனது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அரை நொடி வேலை. உங்களுக்கும் ஒரு நாள் அந்த அரை நொடி வரும்; அப்போது உங்கள் பக்கத்தில் ஒரு மாசிலாமணி நின்றுகொண்டிருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

“அம்மா,” என்றார் அவர், “எடுத்துட்டீங்கன்னா கதை முடிஞ்சிது. கெழவன் போயி காலப் புடிச்சி எடுக்க வெச்சிட்டான்னு சொல்வானுங்க. இருந்தப்போ சந்தேகம். காணாமப் போச்சுன்னா சாட்சி.”

இருபத்தெட்டு ஆண்டு ஆவணத்துறையில் இருந்த நான் எந்தப் பயிலரங்கிலும் இவ்வளவு தெளிவாக இதைக் கேட்டதில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

“பெட்டியைப் பார்த்துடலாம்,” என்றேன்.

விதிப்படி அவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெயர், முகவரி, பார்க்க விரும்பும் ஆவணம் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, ‘ஆய்வின் நோக்கம்’ என்ற இடத்தில் சற்றுத் தயங்கினார். பிறகு ‘மானம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் படிவத்தில் அதுவரை நான் கண்ட நோக்கங்கள் எல்லாம் முனைவர் பட்டத்தோடு முடிந்தவை.

பதினேழாம் பெட்டி வந்தது. ஒன்பது குறிப்புகளும் பெரிய குறிப்புகள் அல்ல. கிழித்த தாள்களில் பென்சிலால் எழுதி, கையெழுத்தில்லாமல், யார் யாரோடு பேசினார்கள், எந்தச் சுவரொட்டி எங்கே ஒட்டப்பட்டது என்பது போன்ற அற்பச் செய்திகள். பத்தாவதாக, ஒரு நீல நிற இன்லண்ட் கடிதம். ஓரத்தைப் பிளேடால் மிகவும் பொறுமையாக அறுத்திருந்தார்கள். மேலே முகவரி: மதுராந்தகத்துக்கு அருகில் ஒரு கிராமம், பச்சையம்மாள் என்ற பெயர்.

“யார் இவங்க?”

“என் பொண்டாட்டி.” அவர் அந்தக் கடிதத்தைத் தொடவில்லை, தொடலாமா என்று என்னைப் பார்த்தார். தலையசைத்தேன். “ஸ்ட்ரைக்குன்னதும் புள்ளையோட அவ அப்பன் வூட்டுக்கு அனுப்பிட்டேன். அப்ப எழுதினது சார் இது.”

உளவாளிகளின் கோப்பில் அவரை வைத்திருந்தது அவர் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதம் அன்று. அவர் மனைவிக்கு எழுதி, மனைவியைச் சென்றடையாத கடிதம். கோப்பின் தலைப்பு அதைக் கொண்டுவந்து கொடுத்தவரைப் பற்றியது. எழுதியவரைப் பற்றியது அல்ல. என் விதிக்கு அந்த வேறுபாடு தெரியாது. பெட்டியைத் திறந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். அதுவரை செய்த வேலையில் அது ஒன்றுதான் தொழிலுக்குரியது. கடிதத்தில் அஞ்சல் முத்திரை இல்லை. தபால்பெட்டிக்குள் அது விழவேயில்லை. இதைச் சொன்னேன். அவர் உதடுகள் அசையத் தம் பழைய கையெழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் நின்றுவிட்டார். அந்த வரியை எனக்கும் காட்டினார். பல்லாவரத்தில் தாங்கள் தங்கியிருந்த தெருவையும் வீட்டையும் எழுதி, சாப்பாட்டுக்குக் குறைவில்லை, கவலைப்பட வேண்டாம், பிள்ளைக்கு இருமல் நின்றதா என்று கேட்டிருந்தார்.

“பொண்டாட்டிகிட்டகூட எடத்தச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க சார்,” என்றார். “சொல்லிட்டேன். சாப்பாடு கீதுன்னது பொய்யி. எடம் மட்டும் நெஜம். அத வெச்சித்தான் வந்திருக்கானுங்க.”

“போஸ்ட் பண்ண யார்கிட்ட குடுத்தீங்க?”

கேட்டிருக்கக் கூடாது. பழக்கம். ஒரு காகிதம் எந்தக் கைகள் வழியாக நம்மிடம் வந்தது என்று கேட்பதற்காகவே நமக்குச் சம்பளம் தருகிறார்கள். அவர் யோசிக்காமல் ஒரு பெயரைச் சொன்னார். ஒளிந்திருந்த வீடு எதுவென்று தெரியாதவர்; வெளியே சந்தித்தபோது, ஸ்டேஷன் பக்கம் போவதாகச் சொல்லி, கடிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவர். பெயரைச் சொல்லி முடித்த பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. பென்சில் குறிப்புகளின் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு கோப்பை மூடி, இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டார்.

“நான் ஒண்ணும் சொல்லல. நீங்க ஒண்ணும் கேக்கல.”

“கேட்டுட்டேனே.”

“உங்களுக்கும் காது மந்தமாவற வயசுதான?”

“ஞாயித்துக்கெழமை அவரும் வராரா?”

சிரித்தார். “நாப்பது வருசமா எவ்ளோ சொன்னாலும் கேக்காம எல்லாருக்கும் அவன்தான் டீ வாங்கித் தருவான். பெரிய மனசுன்னு நெனச்சிக்கினு இருந்தோம்.” சிரிப்பு நின்றது. “என் பொண்ணு ஆஸ்பத்திரில கெடந்தப்போ வாசல்ல பாயப் போட்டுக்கினு படுத்தவன் சார் அவன். என்னை இன்னா பண்ணச் சொல்றீங்க?”

நான் எதுவும் செய்யச் சொல்லவில்லை. செய்ய வேண்டியவன் நான்.

நம் தரநிலையில் ‘வந்த வழி’ என்று ஒரு பகுதி உண்டு. தெரிந்ததை அதில் எழுத வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுத வேண்டும். எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுதினால் பொய். தெரிந்ததை எழுதினால், ஒருவரை என் கவனக்குறைவால் உளவாளியாக்கியவன் இன்னொருவரை என் கவனத்தால் ஆக்கியவனாவேன். எழுதாமல் வெறுமையாக விட்டால், கடிதம் ஏன் அந்தக் கோப்பில் இருக்கிறது என்ற கேள்வி மாசிலாமணியின் மேலேயே மறுபடி உட்காரும். அன்று மாலை வரை ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டினேன். முடிவில் பட்டியலில் ஏற்றியது இது:

‘வேலைநிறுத்தம் நடந்தபோது லேத் பிரிவு மாசிலாமணி தம் மனைவிக்கு எழுதிய கடிதம். அஞ்சலில் சேர்க்கப்படவில்லை. நிர்வாகத்துக்கு அவர் எழுதியது அன்று. அவ்வாறு பொருள்படும்படி முன்னர் வெளியானது இப்பட்டியலைத் தயாரித்தவரின் பிழை. வந்த வழி: இக்கோப்புக்குள் கடிதம் வந்த விதம் இப்பட்டியலைத் தயாரித்தவருக்குத் தெரியும். அவர் சொல்ல விரும்பவில்லை.’

பழைய தவறான வரியையும் அழிக்காமல், கீழே திருத்தப்பட்டதாகக் குறித்து வைத்தேன். பென்சில் குறிப்புகளை மறைக்கவில்லை; கேட்பவர் எவரும் பார்க்கலாம். கையெழுத்தை ஒப்பிட்டுச் சொல்லும் வேலையை மட்டும் யாருக்கும் செய்து தரப்போவதில்லை என்று முடிவு செய்தேன். அது சரியா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. மூவர். தேடிக்காட்டச் சொன்னார்கள்; இயக்குநர் அம்மையார் வேறு எதையோ தேடப் போக, அவர்களில் ஒருவர் ‘வேலைநிறுத்தம்’ என்று தட்டச் சொன்னார். என் வாக்கியம் திரையில் எழுந்து நின்றது.

“‘சொல்ல விரும்பவில்லை’ன்னா என்ன சார்?” என்றார் ஒருவர். “இதுக்கு நம்ம ஸ்டாண்டர்டுல கோடே கிடையாதே.”

“மனுஷங்களுக்கு இருக்கு,” என்றேன்.

இன்னொருவர் இதமாகப் பேசினார். “பரவாயில்ல, ‘தயாரித்தவரின் பிழை’ங்கறத மட்டும் ‘தொழில்நுட்பப் பிழை’ன்னு மாத்திடலாம். பாக்க நல்லாருக்கும்.”

“தொழில்நுட்பம் சம்பளம் வாங்கல சார். நான்தான் வாங்கினேன்.”

நாம் முன்மாதிரியாக அறிவிக்கப்படவில்லை. இயக்குநர் அம்மையார் ஒரு வாரம் என்னோடு எழுத்து மூலமாக மட்டும் பேசினார். அந்தக் குறிப்புகள் மிகவும் நல்ல நடையில் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் தாம்பரத்திலிருந்து ரயிலேறிக் குரோம்பேட்டையில் இறங்கினேன். இணையத்தில் திருத்தினால் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். தவறு எந்தக் கடை வாசலுக்குப் போனதோ, திருத்தமும் அங்கே போக வேண்டும். அதற்குத் தானாக நடக்கத் தெரியாது. கடை வாசலில் ஆறு பேர் இருந்தார்கள். மாசிலாமணி சற்றுத் தள்ளி, ஒரு மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். நான் யார் என்று சொன்னேன்.

“ஓ, லிஸ்ட்டுக்காரரா?” என்றார் ஒருவர். “வாங்க வாங்க. எங்களப் பத்தி இன்னா கண்டுபுடிச்சிருக்கீங்க? நானும் சி.ஐ.டி.யா?”

கைப்பேசியை எடுத்து, திருத்திய வரிகளை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். பிழை என்னுடையது என்ற இடத்தில் சத்தமாக வாசித்தேன். பக்கத்தில் பேருந்து ஒன்று ஹாரன் அடித்ததால் மறுபடியும் வாசிக்க வேண்டியதாயிற்று. தவறை ஒரே காலையில் இரண்டு முறை ஒப்புக்கொள்வது நினைத்ததைவிட எளிது.

கடிதத்தில் என்ன இருந்தது என்று ஒருவர் கேட்டார். மாசிலாமணியே சொன்னார், தெருவின் பெயர் உட்பட.

“அடப்பாவி,” என்றார் மிகவும் மூத்தவர். “சத்தியம் பண்ணிட்டு, பொண்டாட்டிக்கு அட்ரஸ் எழுதினு இருந்தியா? உன்னால பதினோரு நாளு அந்தக் களிய துன்னேன்டா நானு!”

“நீ ரெண்டாவது தபா கேட்டு வாங்கித் துன்ன,” என்றார் மாசிலாமணி. “நான் பாத்துக்கினு இருந்தேன்.”

சிரிப்பு எழுந்தது. அது அடங்கியபோது கேள்வி வந்தது.

“சரி, லெட்டர எவன்கிட்ட குடுத்த?”

அந்த நண்பர் அங்கே இருந்தார். அவர் யார் என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். வெகுநேரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“காலைல இன்னா துன்னேன்னே ஞாபகம் இல்ல,” என்றார் மாசிலாமணி. “நாப்பது வருசத்துக்கு முன்னாடி லெட்டர எவன்கிட்ட குடுத்தேன்னு கேக்கற.”

“லிஸ்ட்டு போட்டவருக்குத் தெரியும்னு போட்டிருக்குதே, நீ சொல்லாம அவருக்கு எப்டித் தெரியும்?”

“அந்த லிஸ்ட்டு போட்டவரு ஏற்கெனவே ஒரு தபா தப்பாப் போட்டவருதான? அவர நம்பறியா, என்ன நம்பறியா?”

ஆறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் தொழில் நாணயத்தை ஒரு மனிதர் இவ்வளவு நேர்த்தியாகச் செலவழித்து நான் பார்த்ததில்லை. வாயைத் திறக்கவில்லை. யாரோ பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள், மாசிலாமணி உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தவர் எழுந்து, யாரிடமும் சொல்லாமல் ஸ்டேஷன் பக்கம் நடந்தார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லையாம். அதற்கடுத்த ஞாயிறு மாசிலாமணியே வீட்டுக்குப் போய், “இன்னாடா பேஜார் பண்ற, வாடா,” என்று கூட்டிக்கொண்டு வந்ததாகப் பிறகு சொன்னார். இருவரும் அதைப் பற்றிப் பேசினார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலிருக்கக் கற்றுக்கொண்டிருந்தேன்.

அதன்பின் நாற்பத்தொரு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். பல மாதங்கள் ஆயின. மாலையில் வீட்டுக்குச் சீக்கிரம் போகவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. என் விதியின் கைவண்ணத்தில் ஓர் அதிகாரியின் திருமண அழைப்பிதழ் ‘ஒழுங்கீனம்’ ஆகியிருந்தது; ஒரு பிரிவு உபசார உரை ‘கழிவறைப் புகார்கள்’ என்பதன் கீழ் உலகுக்கு அறிமுகமாகியிருந்தது. உரையைப் படித்துப் பார்த்தேன். அதை மட்டும் மாற்றச் சற்று யோசித்தேன்.

அந்த மாதங்களில் ஒரு நாள் மாசிலாமணி மறுபடி படியேறினார். உடன் ஓர் அம்மாள். நானே கொடுத்தனுப்பியிருந்த கடித நகல் அந்த அம்மாள் கையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. பச்சையம்மாள் நாற்காலியைத் தாமே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஒரு லெட்டர் போடலியே இந்த ஆளுன்னு எங்கப்பன் எத்தினி பேச்சு பேசினாரு தெரியுமா?” என்றார். “நானும் விடல. நாப்பது வருசமா எந்தச் சண்டை வந்தாலும் கடைசில இதச் சொல்லித்தான் முடிப்பேன். இப்ப பாத்தா எழுதிக் கீறாரு. இனிமே சண்டைய எத்தச் சொல்லி முடிக்கறதுன்னே தெரியல.”

“சாதத்துல உப்பு இல்லன்னு முடி,” என்றார் கணவர்.

“நீ சும்மா இரு.” அவர் பையிலிருந்து ஒட்டிய ஓர் உறையை எடுத்தார். “பதில் எழுதினு வந்துகீறேன். இத அந்த லெட்டரோட வெச்சிடுங்க.”

வைக்க முடியாது. உங்களுக்குத் தெரியும், ஒரு தொகுப்பு நம்மிடம் வந்த நிலையிலேயே இருக்க வேண்டும், இன்று எழுதியதை அன்றைய கோப்புக்குள் செருகக் கூடாது. அதைத் தனியாகப் பதிவு செய்து, தனிப் பெட்டியில் வைத்து, இரண்டையும் பட்டியலில் ஒன்றுக்கொன்று சுட்டிவிடலாம் என்று விளக்கினேன்.

“தனித் தனியாவா இருக்கும்?”

“பக்கத்து அலமாரி.”

ஒப்புக்கொண்டார். உறையை நீட்டி, பிறகு சற்று இழுத்துக்கொண்டார். “நீங்க படிக்கக் கூடாது. நீங்க கண்டபடி போடுவீங்க.”

“படிக்கமாட்டேன்.”

“எனக்கும் காட்டல சார்,” என்றார் மாசிலாமணி. “எனக்கு எழுதின லெட்டரு.”

“இது எழுதினது நாப்பது வருசத்துக்கு முன்னாடி இருந்தவனுக்கு. நீ எதுக்கு?” பிறகு என்னைப் பார்த்தார். “உங்க வூட்டம்மா இன்னா பண்றாங்க?”

“போன வருஷம் தவறிட்டாங்க.”

உறையை என்னிடம் கொடுத்தார். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். ஒரு தாளுக்கு மேல் இருக்கும் என்று கனத்தில் தெரிந்தது.

அன்று மாலையே பதிவு செய்தேன். தலைப்பு: மூடிய உறை, பச்சையம்மாள், மாசிலாமணிக்கு. தொடர்புடையது: பெட்டி பதினேழில் உள்ள கடிதம். உள்ளடக்கம்: விவரித்தவர் படிக்கவில்லை.

சென்ற மாதம் நீங்கள் தயாரித்த திட்டக் குறிப்பை இயக்குநர் எனக்கு அனுப்பியிருந்தார். கவனமான வேலை, நான் உங்கள் வயதில் இவ்வளவு கவனமாக இருந்ததில்லை. அதில் ‘விவரம் நிறைவுபெறாத உருப்படிகள்’ என்ற தலைப்பின் கீழ் இந்த உறையும் இருக்கிறது. எதிரே, ‘திறந்து, மின்படி எடுத்து, விவரத்தைப் பூர்த்தி செய்க’ என்று குறித்திருக்கிறீர்கள்.

திறக்காதீர்கள். எழுதிய அம்மாள் குரோம்பேட்டையில் நலமாக இருக்கிறார். திறந்தே ஆகவேண்டும் என்று உங்களில் எவருக்காவது தோன்றினால், முகவரி தருகிறேன், நேரில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். அங்கே என்ன நடந்தாலும் அலுவலகம் பொறுப்பேற்காது. மற்றபடி, அந்த வரிக்கு எதிரே ‘நிறைவுற்றது’ என்று திருத்திவிடுங்கள்.